அரை டிகிரி பிசகினால் முப்பது மீட்டர்

இரவு பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் போனவர்கள் எல்லோரும் ஒருவகையில் ஹெட்-அப் டிஸ்ப்ளேவைப் பார்த்தவர்கள்தான். வெளியே கும்மிருட்டு, உள்ளே குழல்விளக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கரும்புக்கொல்லைக்கு மேலே, அதே குழல்விளக்கு அந்தரத்தில் தொங்கியபடி பஸ்ஸோடு கூடவே ஓடி வரும். பக்கத்து இருக்கைக்காரர் வேர்க்கடலை உடைத்துத் தின்பதும் அந்த வயலுக்கு நடுவில்தான் நடக்கும். விளக்கு கண்ணாடிக்கு எவ்வளவு உள்ளே இருக்கிறதோ, அவ்வளவு தூரம் வெளியே இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் மாய பிம்பம் என்று படித்தது இதைத்தான்.

காரில் வரும் ஹெட்-அப் டிஸ்ப்ளே இந்த வித்தையைத் திட்டமிட்டுச் செய்கிறது. டேஷ்போர்டுக்குள் ஒரு பெட்டி. அதற்குள் பளிச்சென்ற சிறு திரை, அதன் ஒளியைத் திருப்பிவிட ஒரு கண்ணாடி, பிறகு ஒரு பெரிய குழியாடி. முகச்சவரக் கண்ணாடியில் முகம் பெரிதாகத் தெரிவதுபோல, குழியாடி அந்தச் சிறு திரையைப் பெருக்கித் தூரத்திலும் தள்ளிக் காட்டுகிறது. ஒளி முன் கண்ணாடியில் பட்டுத் திரும்பி ஓட்டுநரின் கண்ணுக்கு வரும்போது, வேகத்தைக் காட்டும் எண் பானெட்டுக்கு மேலே, இரண்டு அல்லது இரண்டரை மீட்டர் தூரத்தில் மிதக்கிறது. குனிந்து மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை. 80 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடிவிடும் என்பதால் குனியாமல் இருப்பதற்கு நல்ல மதிப்பு உண்டு. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அது இன்னும் கூடுதல்: கைக்கெட்டும் தூரத்திலுள்ள மீட்டருக்கும் தொலைவிலுள்ள சாலைக்கும் மாறி மாறிப் பார்வையைக் குவிக்க அவர்களுடைய கண்ணுக்கு நேரம் பிடிக்கும்.

இந்தக் கருவி போர் விமானத்திலிருந்து காருக்கு இறங்கி வந்தது. டப்ளினில் தொலைநோக்கிகள் செய்துவந்த ஹோவர்ட் கிரப், 1900இல் துப்பாக்கிக்காகச் செய்த ஒளிக்குறி அதன் பாட்டன். கண்ணாடித் துண்டில் தெரியும் குறி, இலக்கு இருக்கும் தூரத்திலேயே இருப்பதுபோல் தெரியும் என்பது அதன் சூட்சுமம். இரண்டாம் உலகப்போர் விமானங்கள் அதைச் சுமந்தன. பிறகு வேகமும் உயரமும் அதே கண்ணாடியில் ஏறின. காருக்கு அது வந்தது 1988இல், இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் மற்ற வண்டிகளுக்கு முன்னால் ஓடிய ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சுப்ரீம் காரில். ஐரோப்பாவில் 2003 வாக்கில் பி.எம்.டபிள்யூ. தன் 5 சீரிஸில் பொருத்தியது. இன்று இந்தியாவில் நடுத்தர விலைக் கார்களிலேயே, சிறு கண்ணாடித் தகடு ஒன்றை டேஷ்போர்டு மேல் நிமிர்த்தி எண் காட்டும் எளிய வடிவம் வந்துவிட்டது.

எண்ணோடு நின்றிருந்தால் எழுதுவதற்கு அதிகம் இல்லை. இப்போது கார் நிறுவனங்கள் விற்பது ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர். இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்ததே கார் உலகத்துக்கு வெளியே; 1990இல் போயிங் நிறுவனத்தில், விமானத்துக்கான வயர்களைக் கட்டும் தொழிலாளர்களுக்குக் கண்ணெதிரே வழிகாட்டும் ஒரு கருவிக்காக டாம் காடெல் அதைப் பயன்படுத்தினார். காரில் அதற்குப் பொருள் இது: திரும்ப வேண்டிய தெருவின்மேலேயே அம்பு விழ வேண்டும், முன்னால் போகும் லாரியின் சக்கரத்துக்குக் கீழேயே எச்சரிக்கைக் கோடு தெரிய வேண்டும். மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹைனர் பூப் 1970களின் நடுவிலேயே இதை யோசித்திருக்கிறார். இந்த நொடி பிரேக்கை மிதித்தால் கார் எங்கே போய் நிற்கும் என்பதைச் சாலைமேல் ஓர் ஒளிக்கோடாகக் காட்டுவது அவருடைய எண்ணம். ஜெர்மன் பொறியாளர்கள் இந்த வகைக் காட்சிக்குக் கோன்டாக்ட்அனலோக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலகத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பதுபோல் தெரிவது என்று அதற்குப் பொருள் சொல்லலாம்.

சிக்கல் முழுவதும் அந்தத் தொடுதலில் இருக்கிறது. மிதக்கும் எண் ஓர் அங்குலம் தள்ளி நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லும் அம்பு ஓர் அங்குலம் தள்ளி நின்றால் அது வேறு சாலையைக் காட்டுகிறது.

இதை விரலால் அளந்து பார்த்துவிடலாம். கையை முழுக்க நீட்டி, சுண்டுவிரலைப் படுக்கைவசமாகப் பிடியுங்கள். அதன் தடிமன் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் முன்னால் உள்ள தரை, அடிவானத்துக்கு ஏழு டிகிரி கீழே தெரியும். 20 மீட்டர் தூரத்துத் தரை மூன்றரை டிகிரி கீழே. 50 மீட்டர் தூரத்துத் தரை 1.4 டிகிரிதான் கீழே. அதாவது 50 மீட்டருக்கு அப்பால் அடிவானம்வரை கிடக்கிற சாலை முழுவதும் நீட்டிய கையின் ஒன்றரைச் சுண்டுவிரலுக்குள் அடங்கிவிடுகிறது.

இப்போது கார் லேசாக பிரேக் போடுகிறது, மூக்கு அரை டிகிரி தாழ்கிறது. கணினி அதைக் கவனிக்கவில்லை என்றால், 50 மீட்டர் தூரத்தில் தரையில் கிடந்த அம்பு இப்போது 37 மீட்டருக்கு இறங்கி வந்துவிடும். ஆக்சிலேட்டரை அழுத்தி மூக்கு அரை டிகிரி நிமிர்ந்தால் அதே அம்பு 79 மீட்டருக்குப் போய்விடும். கிட்டத்தட்ட முப்பது மீட்டர் வித்தியாசம். சந்துக்குள் திரும்பச் சொன்ன அம்பு, அடுத்த சந்துக்கு நேராக நின்றுகொண்டு திரும்பச் சொல்லும். நம் ஊரில் வேகத்தடைக்கு ஒரு தடவையும், அதற்கு முன் பள்ளத்துக்கு இரண்டு தடவையும் கார் தலையாட்டும் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

அதனால் ஏ.ஆர். அமைப்புக்குள் கார் ஆடுவதை உணரும் சுழல் உணரிகள், சாலைக்கோட்டைப் பார்க்கும் கேமரா, ஜி.பி.எஸ்., வரைபடம் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேசுவதற்கும் நேரம் ஆகிறது; அதுதான் அடுத்த வம்பு. கேமரா படம் எடுத்து, கணினி புரிந்துகொண்டு, படம் வரைந்து, திரை ஒளிர்வதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டால், 72 கி.மீ. வேகத்தில் கார் இரண்டு மீட்டர் ஓடியிருக்கும். நேர்ச்சாலையில் அது பரவாயில்லை. முக்கில் திரும்பும்போதுதான் பொறுக்காது. நொடிக்கு 30 டிகிரி திரும்புகிற காரில் அந்தத் தாமதம் மூன்று டிகிரியாக மாறும். 20 மீட்டர் தூரத்தில் அது ஒரு மீட்டர் விலகல். அம்பு சாலையில் ஒட்டாமல் எண்ணெயில் மிதக்கும் தாள்போல் வழுக்கிக்கொண்டு வரும். அதைச் சமாளிக்க, கார் அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து அந்த இடத்துக்குப் படம் வரைகிறார்கள். ஓட்டுநர் நினைத்ததைவிடச் சட்டென்று ஸ்டீரிங்கை ஒடித்தால் அந்தக் கணிப்பும் தவறும்.

ஓட்டுநரின் தலையும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. நிறுத்தி வைத்த காரில் இரவில் ஒரு சோதனை செய்யலாம். மொபைலில் பெரிய எழுத்தில் ஓர் எண்ணை வைத்து, திரையை முழு வெளிச்சத்தில் டேஷ்போர்டு மேல் மல்லாக்கப் படுக்க வையுங்கள். முன் கண்ணாடிக்கு அப்பால் அந்த எண் இடவலம் மாறித் தெரியும். அதைத் தொலைவில் எரியும் தெருவிளக்கோடு ஒட்டி நிறுத்திக்கொண்டு தலையை ஒரு சாண் நகர்த்துங்கள். எண் விளக்கைவிட்டு எங்கோ ஓடிவிடும். பிம்பம் பக்கத்தில், விளக்கு தூரத்தில். அதனால் வரும் இடமாறு தோற்றம் இது. பிம்பத்தை 10 மீட்டருக்குத் தள்ளினாலும் இந்த ஓட்டம் முழுக்க நிற்பதில்லை. தலை 10 செ.மீ. நகர்ந்தால் 50 மீட்டர் தூரத்துப் பொருளிலிருந்து குறி 40 செ.மீ. விலகும். ஓட்டுநரின் கண்ணைக் கேமராவால் பின்தொடர்ந்து படத்தை நகர்த்துவது இதற்காகத்தான்.

மொபைல் சோதனையில் இன்னொன்றும் தெரியும். உற்றுப் பார்த்தால் எண் இரண்டாக இருக்கும். ஒன்று பளிச்சென்றும் மற்றது மங்கலாகவும். முன் கண்ணாடிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு பரப்பு, இரண்டும் பிரதிபலிக்கின்றன. ஹெட்-அப் டிஸ்ப்ளே உள்ள கார்களில் கண்ணாடியின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவேயுள்ள பிளாஸ்டிக் படலத்தை ஆப்புபோல ஒருபக்கம் லேசாகத் தடித்ததாகச் செய்து இரண்டு பிம்பங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக விழவைக்கிறார்கள். 10 செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 0.05 மி.மீ. தடிமன் கூடும் ஆப்பு அது. கல் தெறித்து உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக மலிவான சாதாரணக் கண்ணாடி மாட்டினால், மறுநாளிலிருந்து வேகம் இரட்டையாகத் தெரியத் தொடங்கும். இன்சூரன்ஸ் சர்வேயரிடம் பேசும்போது ஞாபகம் வைத்திருக்க வேண்டிய சங்கதி.

பிம்பத்தை எதற்காக 10 மீட்டருக்குத் தள்ள வேண்டும்? கண் மருத்துவர் எழுத்துப் பலகையை 6 மீட்டர் தூரத்தில் மாட்டி வைப்பதன் காரணமே இதற்கும் பொருந்தும். அந்தத் தூரத்துக்கு மேல் கண்ணின் லென்ஸ் குவியம் மாற்றப் பெரிதாக உழைப்பதில்லை. இரண்டு கண்களும் உள்நோக்கித் திரும்பும் கோணத்தையும் பார்க்கலாம். கண்களுக்கு இடையே 63 மி.மீ. என்றால், 2.5 மீட்டர் தூரத்துப் பொருளைப் பார்க்க அவை தங்களுக்குள் 1.4 டிகிரி கோணம் போடுகின்றன. 50 மீட்டருக்கு 0.07 டிகிரிதான். பழைய பாணிப் பிம்பத்தை 50 மீட்டர் தூரத்துச் சாலைமேல் ஒட்டவைத்தால், சாலையைப் பார்க்கும்போது அம்பு இரண்டாகும், அம்பைப் பார்க்கும்போது சாலை இரண்டாகும். 10 மீட்டர் பிம்பத்துக்குக் கோணம் 0.36 டிகிரி, கண் பொறுத்துக்கொள்ளும்.

ஆனால் முன்னால் ஒரு மினி பஸ் 6 மீட்டரில் நின்றால்? அம்பு அதைத் துளைத்துக்கொண்டு அப்பால் இருப்பதாக இரண்டு கண்களும் சொல்லும். பஸ்ஸை மறைத்துக்கொண்டு முன்னால் தெரிகிறதே என்று மூளை மறுக்கும். தூரத்துப் பொருளைப் பக்கத்துப் பொருள் மறைக்கும் என்பது குழந்தைப்பருவத்தில் கற்ற பாடம். ஹெட்-அப் டிஸ்ப்ளே அதைத் தினமும் மீறுகிறது. வாகனம் நெருங்கியதும் அம்பை மங்கவைப்பதோ, முற்றிலும் எடுத்துவிடுவதோதான் இதற்குத் தெரிந்த மருந்து. நெரிசலில் திணறும் நகரத்தில், வழி மிகவும் தேவைப்படும் நேரத்தில், வழிகாட்டி காணாமல் போகும் என்று இதற்கு அர்த்தம்.

இவ்வளவு பெரிய பேச்சுக்குப் பிறகு, அம்பு வரையக் கிடைக்கிற இடம் எவ்வளவு என்று பார்த்தால் சிரிப்பு வரும். 2020இல் வந்த மெர்சிடிஸ் எஸ்-கிளாஸின் ஏ.ஆர். காட்சி 10 டிகிரி அகலம், 5 டிகிரி உயரம். 10 மீட்டர் தூரத்தில் 77 அங்குல டி.வி. வைத்ததற்குச் சமம் என்று நிறுவனம் சொல்கிறது. கணக்கும் சரியாகத்தான் வருகிறது. 77 அங்குலம் என்றால் பெரிய டி.வி. அதே 10 டிகிரியை 20 மீட்டர் தூரத்தில் விரித்தால் மூன்றரை மீட்டர் அகலம், அதாவது நெடுஞ்சாலையில் சரியாக ஒரு தடம். பக்கத்துத் தடம் அந்த ஜன்னலுக்குள் வராது. இடதுபக்கம் திரும்ப வேண்டிய தெரு நெருங்க நெருங்க ஜன்னலின் ஓரத்துக்குப் போய், திரும்பப் போகும் கணத்தில் வெளியே விழுந்துவிடும். விளம்பரப் படங்களில் முன் கண்ணாடி முழுவதும் பச்சைக் கம்பளம் விரிந்து கிடக்கும்; உண்மைக் காரில் அது திருமண மண்டபத்தை வீட்டுக் கதவின் தபால் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும்.

ஏன் பெரிதாக்கவில்லை என்றால், பெட்டி ஒப்புக்கொள்ளாது. ஜன்னலைப் பெரிதாக்கவும் பிம்பத்தைத் தள்ளவும் குழியாடி பெரிதாக வேண்டும். ஏ.ஆர். பெட்டி பத்து லிட்டர் கொள்ளளவைத் தாண்டுவது சாதாரணம். ஒரு தண்ணீர்க்குடத்துக்கு டேஷ்போர்டுக்குள், ஸ்டீரிங் தண்டுக்கும் ஏ.சி. குழாய்க்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே, இடம் பிடித்துக்கொடுக்க வேண்டும்.

அதனால்தான் இந்தத் துறையில் வடிவமைப்பாளர்கள் வந்து சேர்ந்திருக்கும் இடம் சுவாரசியமாக இருக்கிறது. சாலையில் வண்ணம் பூசியதுபோல் ஒட்டிக் கிடக்கும் அம்பைவிட, முக்குக்கு மேலே காற்றில் மிதக்கும் அம்பையே பலரும் வைக்கிறார்கள். மிதக்கும் அம்பு தான் எந்தச் சென்டிமீட்டரில் நிற்கிறேன் என்று சத்தியம் செய்வதில்லை. கால் டிகிரி ஆடினாலும் அது பொய்யாகிவிடாது. ஃபோக்ஸ்வாகன் தன் ஐ.டி. வரிசை மின்சாரக் கார்களில் காட்சியை இரண்டாகவே பிரித்துவிட்டது: வேகமும் எச்சரிக்கைக் குறிகளும் 3 மீட்டர் தூரத்து ஜன்னலில், சாலையோடு சம்பந்தப்பட்டவை 10 மீட்டர் தூரத்து ஜன்னலில். எது உலகத்தைத் தொடுகிறது, எது தொடவில்லை என்று ஓட்டுநருக்குக் குழப்பமில்லாமல் போகிறது. எனக்கு இது மற்ற ஜிகினாக்களைவிடப் பெரிய காரியமாகப் படுகிறது. பி.எம்.டபிள்யூ. 2025இல் வேறொரு திசையில் போனது: முன் கண்ணாடியின் அடியில் கறுப்புப் பட்டை ஒன்றை இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண்வரை ஓடவிட்டு அதில் தகவல்களைக் காட்டுகிறது. அந்தப் பட்டை சாலையைத் தொடுவதாகப் பாசாங்கே செய்வதில்லை.

கறுப்புப் பட்டைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. கண்ணாடியில் படம் காட்டும் கருவியால் ஒளியைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. கறுப்பு என்று ஒரு நிறம் அதனிடம் இல்லை. கறுப்பாக வரைந்தால் அந்த இடம் கண்ணாடியாகவே தெரியும். நிழல் போட முடியாது, எழுத்துக்குப் பின்னால் இருண்ட தட்டு வைக்க முடியாது. உச்சிவெயிலில் வெளுத்துக் கிடக்கும் கான்கிரீட் சாலைக்கு எதிரே எழுத்து தெரிய வேண்டுமானால் பிம்பத்தின் பிரகாசம் பத்தாயிரம் நிட்ஸைத் தாண்ட வேண்டும்; கையில் உள்ள மொபைல் திரை பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சத்தோடு நின்றுவிடும். அதே பிம்பம் நள்ளிரவில் ஊருக்கு வெளியே சில நிட்ஸுக்கு அடங்க வேண்டும். இல்லையென்றால் சாலையோரம் நடப்பவரை அதன் வெளிச்சமே மறைத்துவிடும்.

வெயில் அந்தப் பெட்டிக்கு நேரடி எதிரியும்கூட. ஒளி போகும் பாதை இருவழிப் பாதை. திரையிலிருந்து கண்ணுக்கு வருவதுபோலவே, சூரியனிலிருந்து திரைக்கும் போகும். பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கிய பையன்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. பிம்பம் எவ்வளவு தூரம் தள்ளப்படுகிறதோ அவ்வளவுக்குத் திரை குழியாடியின் குவியத்துக்கு அருகே போகிறது. சித்திரை மாத மதியத்தில் நிறுத்தி வைத்த காரின் சின்னத் திரையில் சூரியன் ஒரு புள்ளியாக வந்து உட்கார்ந்துவிடும். அகச்சிவப்பை வடிகட்டும் படலங்கள், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர்கள் என்று பல தடுப்புகள் வைக்கிறார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லேரி ஹார்ன்பெக் 1987இல் கண்டுபிடித்த நுண்கண்ணாடிச் சில்லு இங்கே செல்வாக்குப் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். லட்சக்கணக்கான சிறு கண்ணாடிகள் ஆடி ஆடிப் படம் வரையும் அந்தச் சில்லு உள்ளே பத்திரமாக இருக்கும். வெயிலை ஏற்பது நடுவில் வைத்த ஒளிச்சிதறல் தாள்தான்.

போலரைசர் என்றதும் ஒரு கிளைக்கதை. முன் கண்ணாடியின் சாய்வில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் படுக்கைவாக்கில் அதிர்வது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் தடுப்பதும் அதைத்தான், சாலைக் கூச்சத்தைக் குறைப்பதற்காக. ஆக, லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய டிஸ்ப்ளே சில ஆயிரம் ரூபாய் கூலிங் கிளாஸுக்கு முன்னால் காணாமல் போகும். தலையைச் சாய்த்தால் திரும்பி வரும்.

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தாலும் பொறியியலாலும் தீரக்கூடியவை. தீராதது ஓட்டுநரின் மண்டைக்குள் இருக்கிறது. நாசா 1980இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அனுபவமுள்ள விமானிகள் சிமுலேட்டரில் ஹெட்-அப் டிஸ்ப்ளேவைப் பார்த்தபடி தரையிறங்கினார்கள். எதிர்பாராத நேரத்தில் ஓடுபாதையில் இன்னொரு விமானம் குறுக்கே வைக்கப்பட்டது. சிலர் அதைப் பார்க்கவே இல்லை, இறங்கிக்கொண்டே இருந்தார்கள். விமானம் அவர்கள் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. கண்ணின் குவியமும் தூரத்தில்தான் இருந்தது. கவனம் மட்டும் கண்ணாடியில் இருந்த எழுத்துகளில் நின்றுவிட்டது. பார்த்தும் பாராமல் இருப்பது என்று நாம் கோபத்தில் சொல்வது உடலளவில் நடக்கக்கூடியது என்று தெரிகிறது. கண்ணைச் சாலையில் வைப்பதும் கவனத்தைச் சாலையில் வைப்பதும் ஒன்று என்று நம்பித்தான் இந்தக் கருவியே விற்கப்படுகிறது.

உலகத்தோடு ஒட்டி நகரும் குறிகள் இந்தக் குருட்டைக் குறைக்கின்றன என்று விமானத்துறை ஆய்வுகள் சொல்கின்றன. ஓடுபாதையின் விளிம்பிலேயே விழும் கோட்டைப் பார்ப்பவர் ஓடுபாதையையும் பார்த்துவிடுகிறார். ஏ.ஆர். பக்கம் நிற்பவர்களின் வலுவான வாதம் இதுதான். நானும் ஏற்கிறேன், ஒரு இடம் தவிர. சாலையில் நடப்பவர்களைச் சுற்றிப் பெட்டி போடும் வடிவமைப்புகள் இருக்கின்றன. கேமரா கண்டுபிடித்த ஐந்து பேரைச் சுற்றி ஐந்து பெட்டி. ஆறாவது ஆள் ஆட்டோவின் மறைவிலிருந்து இறங்குகிறார். அவருக்குப் பெட்டி இல்லை. பத்து நாள் அந்தக் காரை ஓட்டியவருக்குப் பெட்டி இல்லாத மனிதர் ஆபத்தில்லாத மனிதராகிவிடுவார். ஐந்து பேரும் நடைபாதையில் ஒழுங்காகப் போகிறவர்களாக இருந்தால், பெட்டிகள் செய்த ஒரே வேலை ஆறாவது ஆளை மறைத்தது. மோதும் பாதையில் இருப்பவரை மட்டும், அதுவும் ஓட்டுநர் பிரேக்கை நோக்கிக் காலை நகர்த்தாதபோது மட்டும் காட்டுவது நல்லது. கணினிக்கே சந்தேகம் என்றால் சாலையைத் தொடும் அம்பை விலக்கிவிட்டு, மூலையில் பழைய பாணியில் '200 மீட்டரில் இடது' என்று எழுதிவிட வேண்டும். சந்தேகத்தோடு வரைந்த கோடும் கண்ணுக்கு நிச்சயமான கோடாகத்தான் தெரியும்.

இந்தப் பேச்சு நமக்குத் தூரத்து விஷயமில்லை. மஹிந்திரா 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் அறிமுகம் செய்த இரண்டு மின்சார எஸ்.யு.வி.களின் உயர் ரகங்களில் ஏ.ஆர். ஹெட்-அப் டிஸ்ப்ளே வருகிறது. அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கிறது. ஐரோப்பியச் சாலைக்குத் தீட்டப்பட்ட தடக்கோட்டு அழகியல் இங்கே அப்படியே செல்லாது என்பதை அறிய அந்தப் பொறியாளர்கள் காரை எங்கும் கொண்டுபோக வேண்டியதில்லை. இரண்டு தடத்தில் மூன்று வரிசை வண்டி போகும் சாலையில் தடக்கோட்டின்மேல் பச்சை ஒளி பூசுவதால் யாருக்குப் பயன்? மழைக்குப் பிறகு கோடே அழிந்த சாலையில் கேமரா எதைப் பிடித்துக்கொள்ளும்? ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகினால், மேம்பாலத்தில் ஏறுவதா அடியில் போவதா என்பதே தலைகீழாகிவிடும்.

என்னைக் கேட்டால் இங்கே முதலில் வரைய வேண்டியது அம்பே கிடையாது. ஊர் எல்லையில், வெள்ளை வண்ணம் அழிந்து, பலகையும் இல்லாமல், சாலையின் நிறத்திலேயே படுத்துக் கிடக்கும் வேகத்தடை. இரவில் அதைக் கண்டுபிடிப்பது நம் காரின் அடிவயிறுதான். முன்னால் அந்த வழியே போன கார்கள் குலுங்கிய இடங்களைப் பதிந்து வைத்தால் வரைபடம் கிடைத்துவிடும். குறி சாலைமேல் துல்லியமாக உட்கார வேண்டிய கட்டாயமும் இல்லை. 60 மீட்டர் முன்னால் அடிவானத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மஞ்சள் மேடு மிதந்தால் போதும். மூக்கு அரை டிகிரி ஆடினாலும் கெடாது, ஐந்து மீட்டர் முன்பின் ஆனாலும் கெடாது. தாண்டியதும் அணைந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.